மொத்தமாகவா, பிரித்தா?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தே தாரிக்கோடு (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) உட்காரும் நமக்கு ஐபிஎல் இரவு ஆட்டம் 10 மணிக்குத்தான் தொடங்கும். ஒளிபரப்பு உரிமைக்கான சண்டை அதைவிடச் சூடானது.

2017இல் ஸ்டார் இந்தியா டிவி, டிஜிட்டல், வெளிநாடு எல்லாவற்றையும் 16,347.5 கோடி ரூபாய்க்கு ஒரே மூட்டையாக அள்ளியது. டிஜிட்டலுக்கு மட்டும் ஃபேஸ்புக் 3,900 கோடி கேட்டும் பலனில்லை. தனித்தனி ஏலங்களின் கூட்டுத்தொகையை ஸ்டாரின் மொத்த விலை மிஞ்சிவிட்டது.

2022இல் மூட்டைக்குத் தடை. பிரித்து, மின்னேலம் விட்டார்கள். இந்திய டிவி உரிமை டிஸ்னி ஸ்டாருக்கு 23,575 கோடி. டிஜிட்டல் வயாகாம்18க்கு 20,500 கோடி. மற்ற பிரிவுகளையும் சேர்த்து 48,390 கோடி!

இந்த முறை விற்றவருக்குப் பிரித்ததே லாபம். பார்ப்பவருக்கு? இரண்டு சந்தா கட்டுவதைவிட ஒன்றே மேல் என்பேன். வேடிக்கை என்னவென்றால், 2024இல் அந்த இரண்டு போட்டியாளர்களும் ஜியோஸ்டாராக இணைந்துவிட்டார்கள்.