நாள்பட்ட வலி உள்ளவருக்கு சூப்பர் டாப்-அப் பாலிசி: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

அலுவலகக் குரூப் இன்ஷூரன்ஸ் போதாது என்று அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப், அதாவது வருட ஆஸ்பத்திரிச் செலவு ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய பிறகு மீதியைத் தரும் பாலிசி, எடுத்துவைப்பது இப்போது பரவலாகிவிட்டது. முடக்குவாதம், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு இறுகும் வாதம்), டிஸ்க் விலகல், ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுக்கப் பரவும் நாள்பட்ட வலி) என்று வருடக்கணக்கில் வலியோடு இருப்பவர் அதே பாலிசியை வாங்கும்போது கணக்கு மாறுகிறது. மூட்டு மாற்று, தண்டுவட அறுவை போன்ற பெரிய பில்லுக்கு இது கொடுக்கும் பிரீமியத்துக்கு மேலேயே பயன் தரும். மாதாமாதம் மருந்துக்கடையிலும் பிசியோதெரபியிலும் கரையும் பணத்தில் ஒரு ரூபாயும் இதிலிருந்து வராது. இரண்டாவதை எதிர்பார்த்து வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து பேசுகிறார்கள்.

முதலில் பெயரில் இருக்கும் குழப்பம். டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. உங்கள் அடிப்படைப் பாலிசி 5 லட்சம், மேல் பாலிசியின் டிடக்டிபிளும் (எவ்வளவு செலவைத் தாண்டினால் அது தரத் தொடங்கும் என்ற வரம்பு) 5 லட்சம் என்று வையுங்கள். ஒரே வருடத்தில் முழங்கால் மாற்றுக்கு 3.5 லட்சம், பிறகு தண்டுவட அறுவைக்கு 4 லட்சம் பில். வெறும் டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். இரண்டும் 5 லட்சத்தைத் தாண்டாததால் எதுவும் கிடைக்காது. சூப்பர் டாப்-அப் வருட மொத்தத்தைப் பார்க்கும்: 7.5 லட்சத்தில் 5 லட்சம் போக 2.5 லட்சம் தரும். நாள்பட்ட நோயில் ஒரே பெரிய பில்லைவிட நடுத்தர பில்கள் அடுத்தடுத்து வருவதே வழக்கம். ஆகவே வெறும் டாப்-அப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொட வேண்டாம். விளம்பரத் தலைப்பை நம்பாமல், டிடக்டிபிள் 'வருட மொத்தத்துக்கு' என்று பாலிசி வாசகத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தேதி. இதை ஏஜென்ட் யாரும் சொல்வதில்லை. அடிப்படைப் பாலிசி ஏப்ரல் முதல் மார்ச் வரை, சூப்பர் டாப்-அப் அக்டோபர் முதல் செப்டம்பர் வரை ஓடுகிறது. ஆகஸ்டில் 4 லட்சம், நவம்பரில் 4 லட்சம் செலவு. அடிப்படைப் பாலிசி முதல் பில்லுக்கு 4 லட்சமும் இரண்டாவதுக்கு 1 லட்சமும் கொடுத்துத் தீர்ந்துவிடும். மீதி 3 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப்பிடம் போனால், அதன் வருடக் கணக்கில் நவம்பர் பில் மட்டுமே இருக்கும். 4 லட்சம் 5 லட்சத்தைத் தாண்டவில்லை, கிளைம் இல்லை. இரண்டையும் ஒரே தேதியில் தொடங்குவது ஒன்றே இதற்கு வழி. அதற்காகச் சில மாதம் காத்திருப்பதா, இப்போதே எடுப்பதா என்றால், வலி உள்ளவர் இப்போதே எடுத்துவிட்டு, அடிப்படைப் பாலிசியின் தேதியை மாற்ற வழி உண்டா என்று பிறகு கேட்கலாம். காரணம், காத்திருப்புக் காலம்.

முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 ஆண்டுதான் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் குறைத்துவிட்டது. அதற்கு முன் 4 ஆண்டு. ஆனால் அடிப்படைப் பாலிசியில் நீங்கள் இந்தக் காலத்தை முடித்திருந்தாலும், புதிதாக எடுக்கும் சூப்பர் டாப்-அப்பில் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். குரூப் இன்ஷூரன்ஸில் முதல் நாளிலிருந்தே எல்லா நோய்க்கும் கவர் இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கூடவே மூட்டு மாற்று, டிஸ்க் விலகல், ஆர்த்ரைட்டிஸ் ஆகியவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் தனியாக 24 மாதக் காத்திருப்பு உண்டு. இரண்டும் பொருந்தினால் நீண்டதுதான் செல்லும். அறுவைத் தேதி குறித்த பிறகு வாங்கும் பாலிசி அந்த அறுவைக்கு உதவாது.

'முதுகுவலி எல்லாம் எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறும்' என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். கேட்காதீர்கள். தொடர்ந்து 60 மாதம் கவர் இருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, தகவலை மறைத்தார் என்று கிளைமை மறுக்க முடியாது என்பது விதி. அதுவரை ஐந்து வருடம் தலைக்கு மேல் கத்தி. ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டில் 'எட்டு வருடமாக இடுப்பு வலி' என்று ஒரு பயிற்சி மருத்துவர் எழுதும் ஒரு வரி போதும், கிளைமோடு பாலிசியும் போய்விடும்.

படிவத்தை நிரப்பும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. 'உடல்வலி' என்று பொதுவாக எழுதாமல் நோயின் பெயர், கண்டறிந்த ஆண்டு, கடைசி ஸ்கேன் முடிவு, இப்போதைய மருந்து, அதன் அளவு எல்லாம் எழுதுங்கள். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றால் அதன் ஐசிடி (சர்வதேச நோய் வகைப்பாடு) குறியீடு எம்45. மருத்துவரிடம் சொல்லிச் சான்றிலேயே போடச் சொல்லுங்கள். முக்கியமாக டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் சாப்பிடுபவர்கள் கவனிக்க: இவை நரம்பு வலிக்கும் தரப்படும் மருந்துகள், ஆனால் மருந்துச்சீட்டைப் பார்க்கும் அண்டர்ரைட்டர் (பாலிசி தரலாமா என்று முடிவு செய்யும் நிறுவன அதிகாரி) மனச்சோர்வு என்று குறித்துக்கொள்வார். 'நரம்பு வலிக்காக' என்று மருத்துவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தால் தேவையில்லாத லோடிங் (நோய்க்காக ஏற்றும் கூடுதல் பிரீமியம்) தவிரும். விவரம் கேட்காமலே நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

டிடக்டிபிள் எவ்வளவு வைக்கலாம்? அடிப்படைப் பாலிசி எவ்வளவோ அவ்வளவு என்பது பாடம். ஆனால் வேலை போனால் குரூப் கவரும் போய்விடும், டிடக்டிபிள் மட்டும் அப்படியே நிற்கும். அதனால் குரூப்பை மட்டும் நம்பி சூப்பர் டாப்-அப் எடுக்காமல், சிறியதாக ஒரு தனிப் பாலிசியை அடியில் வைத்திருப்பது நல்லது. 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனச் சான்று இருந்தால் ஸ்டார் ஹெல்த்தின் ஸ்பெஷல் கேர் கோல்டு போன்ற தனிப் பாலிசிகளும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு பாலிசியாவது வைத்திருக்க வேண்டும் என்று 2023-இல் ஐஆர்டிஏஐ எல்லா நிறுவனங்களுக்கும் சொன்னதன் விளைவு. சிக்கல் என்னவென்றால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் நாள்பட்ட வலி என்று ஒன்று இல்லை. மூட்டு அசைவு குறைந்ததை அளந்து இயக்கக் குறைபாடாகச் சான்று வாங்க முடிகிறவருக்கே இந்த வழி. ஃபைப்ரோமயால்ஜியாகாரருக்கு அநேகமாகக் கதவு மூடியே இருக்கும்.

வலி மருத்துவரிடம் சிகிச்சை எடுப்பவருக்கு எபிடியூரல் ஊசி (தண்டுவடத்தை ஒட்டிப் போடுவது), நெர்வ் பிளாக் (நரம்பை மரக்கவைக்கும் ஊசி), ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன் (வலி நரம்பைச் சூடேற்றிச் செயலிழக்கச் செய்வது) எல்லாம் ஒருநாள் சிகிச்சை. பில் டிடக்டிபிளை எட்டாது என்பதால் இவை அடிப்படைப் பாலிசியில்தான் கிளைம் ஆகும். ஆனாலும் அந்த செட்டில்மென்ட் கடிதங்களைப் பத்திரமாக வையுங்கள். வருட மொத்தத்தில் அவையும் சேரும். இந்தக் கிளைம்கள் அடிபடுவது 'வெளிநோயாளியாகவே செய்திருக்கலாம்' என்றோ, 'பரிசோதனைக்காகச் சேர்ந்தார்' என்றோ, அதாவது எக்ஸ்க்ளூஷன் 04 என்ற கவர் விலக்குப் பிரிவில். எந்த மாத்திரை எத்தனை மாதம் கொடுத்துப் பலனில்லை, பிசியோ எவ்வளவு காலம் நடந்தது, ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியோடு ஏன் செய்ய வேண்டியிருந்தது என்ற மூன்றும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால் பாதி சண்டை குறையும். சித்த, ஆயுர்வேத உள்நோயாளி சிகிச்சைக்கும் கவர் உண்டு. ஆனால் எண்ணெய்ச் சிகிச்சைக்குச் சேர்ந்ததை ஓய்வு, மறுவாழ்வு என்று எக்ஸ்க்ளூஷன் 05-இல் தள்ளுவது சகஜம். முன்அனுமதி வாங்காமல் போகாதீர்கள்.

அறை வாடகையையும் பாருங்கள். 5 லட்சம் அடிப்படைப் பாலிசியில் நாள் வாடகைக்குக் கவர் தொகையில் ஒரு சதவீத வரம்பு இருந்து, 5,000 ரூபாய்க்குப் பதில் 8,000 ரூபாய் அறை எடுத்தால், மருத்துவர் கட்டணம் முதலியவற்றில் எட்டில் ஐந்து பங்குதான் வரும். மருந்துக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் இந்த வெட்டு கிடையாது.

தினப்படி கேஷ் பாலிசி வலிக்காரர்களுக்கு வீண்: 24 மணி நேரம் படுத்தால்தான் பணம், முதல் நாளைக் கழிக்கும் பாலிசிகளும் உண்டு. ஓபிடி ரைடரை (வெளிநோயாளிச் செலவுக்கான கூடுதல் கவர்) வாங்குமுன் அதன் பிரீமியத்தையும் வருட உச்சவரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல சமயம் இடைவெளி சொற்பம். பிசியோவுக்கு அதில் தனி வரம்பு இருந்தால் அந்தப் பணத்தை ஆர்.டி.யில் போடலாம். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது என்பதால், பழைய விலைப்பட்டியலை வைத்து ஒப்பிட வேண்டாம்.

பாலிசி வந்ததும் 30 நாள் திருப்பிக் கொடுக்கும் காலம் இருக்கிறது. அதற்குள் ஷெட்யூலில் (பாலிசி விவரப் பக்கம்) உங்கள் நோய் எழுதியபடி பதிவாகியிருக்கிறதா, லோடிங் எவ்வளவு, டிடக்டிபிள் எந்த வகை என்று சரிபாருங்கள். பின்னால் கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.