ஸ்டேடியத்துக்கு அரை சதவீத வரி: பத்திரம் போட்டுக் கட்டுவதா, வசூலித்துக் கட்டுவதா?

அமெரிக்காவில் ஓர் ஊர் ஸ்டேடியத்துக்காக விற்பனை வரியை ஏற்றினால், எல்லோரும் வரி விகிதத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த வரியைக் காட்டிக் கடன் பத்திரம் விற்று இன்றே கடன் வாங்குகிறார்களா, ஊரின் பங்குக்கு உச்சவரம்பு எழுதியிருக்கிறதா என்ற இரண்டும்தான் பிறகு பட்ஜெட்டைத் தூக்கி நிறுத்தும் அல்லது கவிழ்க்கும்.

கடனே வாங்காத வழி ஓக்லஹோமா சிட்டியுடையது. 1993 டிசம்பரில் 1 சதவீத வரிக்கு, ஐந்து ஆண்டுக்கு மட்டும் மக்கள் ஒப்புதல் தந்தார்கள். பணம் சேரச் சேர வேலை நடந்தது. வட்டி கட்ட வேண்டியதில்லை. சேர்ந்த பணத்துக்கு வட்டியும் வந்தது. ஆனால் காத்திருக்கிற காலத்தில் கட்டுமான விலை ஏறிவிடும். பணம் போதாமல் 1998இல் வரியை ஆறு மாதம் நீட்டினார்கள். உள்ளரங்கம் 2002இல்தான் திறந்தது, சுமார் 8.9 கோடி டாலரில், ஆடம்பரம் இல்லாத கட்டடம். என்பிஏ கூடைப்பந்து லீக் அணிக்காக அதை மேம்படுத்த 2008இல் இன்னொரு வாக்கெடுப்பு, 15 மாத வரி.

பத்திரம் போட்டால் கட்டடம் உடனே எழும்பும். 10 கோடி டாலரை 5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு எடுத்தால் ஆண்டுத் தவணை சுமார் 65 லட்சம். கடனைக் கட்டி முடிக்கும்போது மொத்தம் 19.5 கோடி. அதையே 20 ஆண்டில் முடித்தால் தவணை 80 லட்சம், மொத்தம் 16 கோடி.

பத்திரம் போட்ட இரண்டு இடங்களைப் பாருங்கள். டெக்சாஸின் ஆர்லிங்டனில், கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஸ்டேடியத்துக்காக 2004 நவம்பரில் அரை சதவீத விற்பனை வரி, 2 சதவீத ஹோட்டல் வரி, 5 சதவீத வாடகைக் கார் வரி மூன்றும் நிறைவேறின. நகரத்தின் பங்கு 32.5 கோடி டாலர், அதற்கு மேல் கிடையாது. செலவு நூறு கோடியைத் தாண்டியது. கூடுதல் சுமை அணியின் தலையில். உபரி வசூலை அசலில் போட்டுக் கடனைக் கெடுவுக்குப் பல ஆண்டு முன்பே அடைத்தார்கள். ஒரு விஷயம் மட்டும் உறுத்தும்: டெக்சாஸில் உள்ளூர் விற்பனை வரி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதில் கால் பங்கை ஸ்டேடியம் எடுத்துக்கொண்டால் பேருந்து, ரயிலுக்கு மிச்சமில்லை.

ஒஹாயோவின் ஹாமில்டன் கவுண்டியிலும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) அதே அரை சதவீதம்தான், 1996 மார்ச்சில். அங்குள்ள சின்சினாட்டி நகரில் ஒன்றுக்கு இரண்டு ஸ்டேடியம். போதாததற்கு வீட்டுக்காரர்களுக்குச் சொத்து வரித் தள்ளுபடி என்ற வாக்குறுதி. வரி வசூல் ஆண்டுக்கு 3 சதவீதம் வளரும் என்று கணக்குப் போட்டார்கள், வளரவில்லை. இந்த வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்கக் கூடாது. இன்று 3 கோடி தரும் வரி, 3 சதவீத வளர்ச்சியில் 20 ஆண்டில் 5.4 கோடி ஆகும். ஒன்றரை சதவீதத்தில் 4 கோடிதான். ஏறிக்கொண்டே போகும்படி தவணையை அமைத்திருந்தால் அந்த 1.4 கோடிப் பள்ளத்தைப் பொது நிதியிலிருந்துதான் நிரப்ப வேண்டும். கவுண்டி தள்ளுபடியை வெட்டியது, பொது மருத்துவமனையை விற்றது. பெங்கால்ஸ் கால்பந்து அணியுடன் போட்ட குத்தகையோ பராமரிப்பையும் எதிர்கால மேம்பாட்டையும் கவுண்டியின் தலையில் கட்டியிருந்தது. இன்னும் வராத முப்பரிமாண ரீப்ளே கருவி வரைக்கும் அதில் பட்டியல் போட்டிருந்தார்கள்!

'அணியிடம் வாடகையைக் கூட்டி வாங்கலாமே' என்று கேட்கலாம். 1986 வரிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. தனியார் பயன்படுத்தும் கட்டடத்துக்கு வாங்கிய கடனில் தவணையின் 10 சதவீதத்துக்கு மேல் தனியார் பணத்திலிருந்து வந்தால், பத்திரத்துக்கு வருமான வரிவிலக்கு போய்விடும், வட்டி ஏறும். அதனால் வாடகையைக் குறைவாக வைத்து, பாரத்தைக் கடைக்குப் போகிறவர்மேல் ஏற்றுகிறார்கள்.

அணிக்கு இடம் மாறும் எண்ணம் இல்லாத ஊரில் நான் ஓக்லஹோமா வழியைத்தான் சொல்வேன். பத்திரம் தவிர்க்க முடியாது என்றால், சென்ற ஆண்டு உண்மையாக வசூலான தொகை அதிகபட்சத் தவணையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். தவணை ஆண்டுதோறும் சமமாக இருக்கட்டும். ஓராண்டுத் தவணை தனி இருப்பில் கிடக்கட்டும். எந்த ஆண்டிலிருந்து பத்திரத்தை முன்கூட்டியே திருப்பலாம் என்ற விதியையும் பாருங்கள்; பெரும்பாலும் பத்தாம் ஆண்டு. உபரி அசலுக்கே போக வேண்டும் என்று வாக்குச்சீட்டு வாசகத்திலேயே எழுதாவிட்டால், அதுவரை சேரும் பணத்துக்கு வேறு செலவு கிளம்பிவிடும்.