இறால் வடை வண்டிலும் டர்பன் தீர்ப்பும்

திருமலையில் (இலங்கையின் திருகோணமலைதான்) பின்னேரம் டச்பே கடற்கரைக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் வண்டில்களில் நீலத் தறப்பாள் போட்டதைத் தேடுங்கள். பெயர்ப்பலகை கிடையாது. மாங்காய், அன்னாசி, சோளம் எல்லாம் யாரிடம் வாங்கினாலும் ஒன்றுதான், இறால் வடை மட்டும் இவரிடம் வாங்குங்கள்.

பருப்பை மாவாக்காமல் கொரகொரப்பாக அரைக்கிறார், பெருஞ்சீரகம் கொஞ்சம் தூக்கல், மேலே பதித்த இறால் ஓட்டோடு பொரிந்து மொறுமொறு என்று வரும், தலையையும் சேர்த்தே சாப்பிடலாம். சுட்டு அடுக்கி வைத்து ஆறிப்போனதைத் தலையில் கட்டுவதில்லை. கேட்ட பிறகுதான் எண்ணெயில் போடுகிறார், அதனால் காத்திருக்க வேண்டும், சனி ஞாயிறு என்றால் நன்றாகவே காத்திருக்க வேண்டும். கூடத் தருகிற சம்பலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் அளவாக இருக்கும். குறை என்றால், விலைப்பட்டியல் இல்லை. கேட்டால் அன்றைய இறால் விலையைச் சொல்லித்தான் தொடங்குவார். அப்புறம், வடையைச் சுற்றித் தருவது யாரோ ஒரு பிள்ளையின் பழைய விடைத்தாளில். மை எண்ணெயில் ஊறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. (கணிதத்தில் 38. பாவம்.)

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், வண்டில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்காது. ஏன் அண்ணை என்று கேட்டேன். "எழும்பச் சொன்னா எழும்ப வேண்டியதுதானே தம்பி, சாமானைத் தூக்கிக்கொண்டு போனா ஆரிட்டப் போய்க் கேக்கிறது" என்றார். இந்தக் கேள்விக்குத் தென்னாபிரிக்காவில் ஒரு நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. படிப்புக்காக அதைத்தான் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதாமல் விட மனம் வரவில்லை.

நிறவெறி ஆட்சியில் கறுப்பின நடைபாதை வியாபாரிகளை ஓரிடத்தில் நிற்க விடாமல் விரட்டிக்கொண்டே இருந்தார்கள். 1991இல் வந்த வணிகச் சட்டம்தான் அந்தப் பிடியைத் தளர்த்தியது. அந்தச் சட்டப்படி சீப்போ செருப்போ விற்க லைசன்ஸ் வேண்டாம், சாப்பாடு விற்றால் வேண்டும். ஆக நம் அண்ணைக்கு அங்கேயும் தேவைப்படும். எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்பதை உள்ளூர்ச் சபைகள் துணைவிதி போட்டுக் கட்டுப்படுத்தலாம், வில்லங்கம் அங்கேதான். 2013 ஒக்டோபரில் ஜொகனஸ்பேர்க்கில் 'க்ளீன் ஸ்வீப்' என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கானவர்களை அகற்றினார்கள், அனுமதி வைத்திருந்தவர்களையும் சேர்த்துத்தான். அரசியலமைப்பு நீதிமன்றம் டிசம்பர் 5ஆம் திகதி, மண்டேலா இறந்த அதே நாளில், வழக்குப் போட்டவர்கள் திரும்பி வந்து வியாபாரம் செய்யலாம் என்று இடைக்கால உத்தரவு கொடுத்தது. நத்தாருக்கு முன்னே வந்ததே பெரிய விஷயம்.

ஆனால் எனக்குப் பிடித்தது டர்பன் வழக்குத்தான். அனுமதி உள்ள ஒரு வியாபாரி. அந்த நேரம் அவர் அங்கே இல்லை, நின்ற உதவியாளரிடம் காட்டுவதற்கு அத்தாட்சி இல்லை, சாமானை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். திருப்பி எடுக்கப் போனால் சாமானே காணோம். பெறுமதி ஆயிரம் ராண்ட்கூட வராது. அந்தச் சின்னத் தொகைக்காக மனுசன் மேல் நீதிமன்றம் வரை போனார். 2015இல் நீதிபதி தயா பிள்ளை (ஆமாம், பிள்ளைதான், டர்பனில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள்) பறிமுதல் செய்ய அதிகாரம் கொடுத்த துணைவிதிப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

இறால் விற்கிறவருக்கு இது இன்னும் முக்கியம். செருப்பை ஒரு கிழமை கழித்துத் திருப்பித் தந்தாலும் செருப்புத்தான், விற்கலாம். கழுவி மஞ்சள் பூசி வைத்த இறாலை அடுத்த நாள் கொடுத்தால் யார் வாங்குவது? ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடக்க வழி வேண்டும், எண்ணெய்க் கழிவைக் கடலில் ஊற்றக்கூடாது, சரி. அதற்கு ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்து, கட்டணம் வாங்கி, பற்றுச்சீட்டும் கொடுத்தால் போதுமே. எழும்பச் சொல்வதாக இருந்தால் முதலே எழுத்தில் சொல்லலாம்.

வடைக்கு ஐந்துக்கு நாலரை. குறைத்த அரை, விடைத்தாளுக்கு. இடம் மாறி மாறி நிற்பதற்கு ஒன்றும் குறைக்கவில்லை. போன இடத்தில் நீலத் தறப்பாளைக் காணவில்லை என்றால் சோளம் அவிக்கிற அக்காவிடம் கேளுங்கள், அன்றைக்கு எங்கே நிற்கிறார் என்று சொல்வார். சில்லறை கொண்டு போங்கள்.