வெள்ள நேரத்தில் வாட்ஸ்அப் ஃபார்வர்டா, கூகுள் ஷீட்டா?

2015 டிசம்பர் முதல் வாரம். விடாத மழையோடு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்த தண்ணீரும் சேர்ந்து, அடையாற்றின் இரண்டு கரையும் முங்கிப்போயின. உதவி கேட்டு வரும் தகவல்களைக் கோவையில் உட்கார்ந்து போனில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் வாட்ஸ்அப்பை வைத்து. மறுநாளிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து நிரப்பிய கூகுள் ஷீட்டை வைத்து. என் ஓட்டு ஷீட்டுக்குத்தான்.

வேகத்தில் வாட்ஸ்அப்பை எதுவும் நெருங்காது. வதந்திக்கும் அதே வேகம்தான். பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக அப்போது சுற்றியது பலருக்கு நினைவிருக்கும். பொய்யைக்கூட ஒரு போனில் கண்டுபிடித்துவிடலாம். நேற்று உண்மையாக இருந்த தகவலோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

கோட்டூர்புரத்தில் மாடியில் ஒரு குடும்பம், கைக்குழந்தை இருக்கிறது, படகு வேண்டும் என்று ஒரு செய்தி. தேதியும் இல்லை, நேரமும் இல்லை. கூப்பிட்டேன். "நேத்து மத்தியானமே கூட்டிட்டு வந்துட்டாங்க தம்பி. காலையிலேர்ந்து இதே போன்தான். சார்ஜ் வேற தீரப்போகுது" என்றார் ஓர் அம்மா. அன்று மாலைக்குள் அதே செய்தி இன்னும் மூன்று குழுக்களிலிருந்து வந்துவிட்டது.

ஷீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரே வரிசை. கடைசியாக யார், எத்தனை மணிக்குப் பேசினார் என்பதற்கு ஒரு கட்டம். மீட்டாயிற்று என்றால் பச்சை. அதற்கப்புறம் அந்த எண்ணை யாரும் தொடமாட்டார்கள். சரி, இது தானாக நடக்காது. ராத்திரி இரண்டு மணிக்கும் ஒருவர் பழைய வரிசைகளுக்குப் போன் போட்டபடி இருக்க வேண்டும். ஆள் இல்லாமல் அரை நாள் கிடந்த ஷீட் வாட்ஸ்அப்பை விட ஆபத்து, கட்டம் போட்டு எழுதியிருந்தாலே நம்பிவிடுகிறோம் இல்லையா?

எச்சரிக்கைகளை அமைப்புக்கு அமைப்பு கடத்தும் 'காமன் அலர்ட்டிங் புரோட்டோகால்' முறையும் இதற்கு இடம் வைத்திருக்கிறது: எப்போது வெளியானது, எப்போது காலாவதி என்று குறிக்கலாம்; பழையதைத் திருத்தவும் ரத்து செய்யவும் தனி வகைச் செய்திகள் உண்டு. இந்தியாவின் பேரிடர் எச்சரிக்கை அமைப்பான 'சசேத்' இந்த முறையில்தான் இயங்குகிறது.

ஷீட்டில் எனக்கு உறுத்திய விஷயம், லிங்க் கிடைத்த எவரும் அத்தனை பேரின் எண்ணையும் பார்க்கலாம் என்பது. இன்னொரு முறை வந்தால் எண்களைத் தனி ஷீட்டில் வைத்து, போன் செய்பவர்களுக்கு மட்டும் திறப்பேன். இதெல்லாம் கரண்டும் நெட்டும் இருந்த ஊரிலிருந்து நான் பார்த்தது. சிக்னலே போன தெருவில் ஷீட்டைத் திறக்கவே முடியாது. அங்கே சிக்கியவர்களுக்காக வெளியூர்ச் சொந்தக்காரர்கள்தான் வரிசையை நிரப்பினார்கள்.