மான்செஸ்டர் ரெட் ஆரோ டைனர்: ஒரு காலை உணவும் 2016-இன் கணக்கும்

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மான்செஸ்டர் நகரில், லோவெல் தெருவில் 1922 முதல் இருக்கிறது ரெட் ஆரோ டைனர். இங்கே காலை உணவுதான் சாப்பிட வேண்டும். ஆம்லெட், ஓரம் மொறுமொறுவென்று சிவந்த உருளைக்கிழங்கு, வெண்ணெய் தடவிய டோஸ்ட் வாங்கினேன். உருளைக்கிழங்கில் உப்பு அளவாக இருந்தது, உள்ளே மாவாகக் குழைந்திருந்தது. மகளுக்குப் பான்கேக். தட்டின் விளிம்பு வரை வந்து நின்றது, நடுவில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. காபிக் குவளை பாதி காலியானதும் கேட்காமலே நிரப்பிவிட்டுப் போனார் பரிமாறிய அம்மா. நான் முட்டை சாப்பிடுவேன், அசைவம் கிடையாது. எனக்கு ஒரு குறையும் இல்லை. சுத்த சைவம் பார்ப்பவர்கள், இந்த மாதிரி டைனர்களில் எல்லாமே ஒரே கல்லில்தான் வேகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடை சின்னது. மேசை காலியாக இருந்தாலும் கவுன்டர் முன்னால் ஸ்டூலில் உட்காருங்கள் என்றுதான் சொல்வேன். எந்தப் பிரபலம் எங்கே உட்கார்ந்தார் என்று குட்டிக் குட்டிப் பலகைகள் இருக்கும். அதிபர் தேர்தலுக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சமயத்தில், அயோவா மாநிலத்தில் முதல் வாக்கெடுப்பு முடிந்த கையோடு எல்லோரும் நியூ ஹாம்ப்ஷயருக்குத்தான் வருவார்கள். வந்தால் இந்தக் கவுன்டரில் நின்று கை குலுக்காமல் போவது அபூர்வம்.

நான் நாஷுவாவில் இருக்கிறேன், இங்கிருந்து அரை மணி நேரம். 2016-இல் வேலை விசாவில் இருந்தேன், ஓட்டு கிடையாது. ஆனாலும் அந்த பிப்ரவரி முழுக்க வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. எந்தப் பதவிக்கும் ஒருமுறைகூடத் தேர்ந்தெடுக்கப்படாத டிரம்ப், கவர்னர்களும் செனட்டர்களும் நிரம்பிய குடியரசுக் கட்சியின் வேட்பாளராக எப்படி வந்தார் என்ற கேள்வி எனக்கு இன்றும் ஆறாத கேள்வி. மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் இதைப் பற்றியே எழுதச் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அவளை இங்கே கூட்டிவந்தேன்.

காகித நாப்கினில் எண்களை எழுதச் சொன்னேன். 2016 பிப்ரவரி 9, நியூ ஹாம்ப்ஷயர். டிரம்ப் 35 விழுக்காடு. ஒஹாயோ கவர்னர் கேசிக் 15.7. டெக்சஸ் செனட்டர் டெட் குரூஸ் 11.6. ஃபுளோரிடாவின் முன்னாள் கவர்னர் ஜெப் புஷ் 11. ஃபுளோரிடா செனட்டர் ரூபியோ 10.5. நியூ ஜெர்சி கவர்னர் கிறிஸ்டி 7.4. இதில் குரூஸைத் தனியே வை, அவருடைய ஆட்கள் மதப்பற்றுள்ள தீவிரப் பழமைவாதிகள், வேறு ரகம் என்றேன். கேசிக், புஷ், ரூபியோ, கிறிஸ்டி நால்வரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வாக்காளரிடம்தான் ஓட்டுக் கேட்டார்கள். அவள் கூட்டினாள். 44.6 வந்தது.

“அப்பா, இது 35-ஐ விட அதிகமாச்சே?”

அந்தக் கேள்விக்குப் பக்கத்து ஸ்டூல் பெரியவர்தான் பதில் சொன்னார். தமிழ் புரியாவிட்டாலும் நாப்கினில் இருந்த பெயர்கள் புரிந்திருக்கின்றன. அந்த வருடம் தான் கேசிக்குக்குப் போட்டதாகச் சொன்னார். மனைவி புஷ்ஷுக்கு, மச்சினர் கிறிஸ்டிக்கு. ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேருக்கும் டிரம்ப் வேண்டாம், ஆனால் மூன்று ஓட்டும் மூன்று பக்கம் போயிற்று. “யாராவது ஒருத்தர் விலகியிருந்தால் பேசி முடிவு பண்ணியிருப்போம். ஒருத்தரும் விலகவில்லை” என்றார். கேசிக் இந்த மாநிலத்தில் மட்டும் 100-க்கும் மேல் பொதுக்கூட்டம் போட்டவர். இரண்டாமிடம் வந்ததையே வெற்றியாகக் கொண்டாடினார். அதுதான் எனக்கு ஆத்திரம். முதலிடத்தைப் பிடிப்பதை விட்டுவிட்டு, டிரம்ப் தானாகச் சரிந்துவிடுவார், அப்போது மிச்சமிருப்பது நானாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள்.

கிறிஸ்டி செய்ததைப் பாருங்கள். ஓட்டுப் பதிவுக்கு மூன்று நாள் முன்பு, இந்த டைனரிலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கும் செயின்ட் ஆன்செல்ம் கல்லூரியில் விவாதம். அயோவாவில் 23 விழுக்காடு வாங்கி டிரம்பை ஒட்டி வந்திருந்தார் ரூபியோ. கட்சிப் பெரியவர்கள் அவர் பின்னால் திரள ஆரம்பித்திருந்த நேரம். கிறிஸ்டி பிடித்துக்கொண்டது ரூபியோவை. மனப்பாடம் செய்த 25 விநாடிப் பேச்சு என்று குத்திக் காட்டினார். ரூபியோ உடனே, சற்று முன் ஒபாமாவைப் பற்றிச் சொன்ன அதே வரியை மறுபடி சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே முகம் சுருங்கிவிட்டது. டிரம்ப் மேல் ஒரு தூசி படவில்லை. ரூபியோ ஐந்தாமிடத்துக்கு விழுந்தார். கிறிஸ்டி ஆறாமிடம் வந்து மறுநாளே விலகினார், அந்த மாதம் முடிவதற்குள் டிரம்புக்கே ஆதரவும் தெரிவித்தார்.

புஷ் கதையும் அதேதான். அவருக்காக அமைந்த ஆதரவுக் குழு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. விளம்பரத்தில் டிரம்பைத் தாக்கச் செலவிட்டதைவிட, சொந்த ஊர்க்காரரான ரூபியோவைத் தாக்கச் செலவிட்டதுதான் அதிகம். இவ்வளவு பணம் இருந்தும் பலவீனமான வேட்பாளர் அவர். முன்னாள் அதிபரான அண்ணன் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் பெயரைச் சுமக்கவும் முடியவில்லை, இறக்கி வைக்கவும் முடியவில்லை.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் புதிது. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலங்களின் பிரதிநிதிகள். இங்கே 10 விழுக்காட்டுக்குக் கீழே வாங்கியவருக்குப் பிரதிநிதி கிடையாது, மிச்சம் முதலில் வந்தவருக்குப் போகும். அதனால் 35 விழுக்காட்டுக்கு, 23 பிரதிநிதிகளில் 11 பேர் டிரம்புக்குக் கிடைத்தார்கள். மச்சினர் கிறிஸ்டிக்குப் போட்ட ஓட்டு கடைசியில் டிரம்பின் கணக்கைத்தான் ஏற்றியது. தென் கரோலினாவில் இன்னும் மோசம். 32.5 விழுக்காடு வாங்கி மொத்தம் 50 பிரதிநிதிகளையும் அள்ளிக்கொண்டார். நியூயார்க் வரும்வரை, அதாவது ஏப்ரல் 19 வரை, எந்த மாநிலத்திலும் அவர் 50 விழுக்காட்டைத் தொடவில்லை.

ஏப்ரல் கடைசியில் குரூஸும் கேசிக்கும் ஒருவழியாக ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இண்டியானாவை குரூஸுக்கு விட்டுவிடுவது, ஒரிகனையும் நியூ மெக்சிகோவையும் கேசிக்குக்கு. மறுநாளே கேசிக், இண்டியானா மக்கள் எனக்கே ஓட்டுப் போடலாம் என்றார். மே 3 இண்டியானாவில் தோற்று குரூஸ் விலகினார். அடுத்த நாள் கேசிக்.

நால்வரின் ஓட்டும் அப்படியே ஒருவரிடம் போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு இரண்டாவது விருப்பம் டிரம்பாகவே இருந்திருக்கும். குடியேற்றம், வணிக ஒப்பந்தம் பற்றி அவர் பேசியதை மேடையில் இருந்த மற்றவர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்பதும் உண்மை. 2024 ஜனவரியில் இதே மாநிலத்தில் தென் கரோலினாவின் முன்னாள் கவர்னர் நிக்கி ஹேலி ஒருவரே எதிரில் நின்றார், 43 விழுக்காடு வாங்கினார், டிரம்ப் 54. ஆனால் அப்போது டிரம்ப் வெளியாள் இல்லை, கட்சியே அவர் கையில். 2016 பிப்ரவரியில், எதிரில் உறுதியான ஓர் ஆள் மட்டும் நின்றிருந்தால் ஆட்டம் வேறு மாதிரி போயிருக்கும் என்பதை நான் நம்புகிறேன்.

சரி, கடைக்கு வருவோம். சனி, ஞாயிறு காலையில் கூட்டம் வாசல் வரை நிற்கும். ஏழரைக்குள் போனால் கவுன்டரில் இடம் கிடைக்கும். அவசரமாகச் சாப்பிட்டு எழ நினைக்காதீர்கள், பக்கத்து ஸ்டூல்காரர் பேசினால் பேச்சுக் கொடுங்கள். நாங்கள் கிளம்பும்போது பெரியவர் நாப்கினைக் கேட்டு வாங்கி, 44.6-க்குக் கீழே இரண்டு கோடு போட்டு மகளிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் அதைக் கட்டுரையோடு சேர்த்துப் பின் அடித்து ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறாள், சிரப் கறையோடு.