ஏ.இ.ஓ. சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லி எங்களிடம் 3,30,000 ரூபாய் பறித்த விதம்: ஏற்றுமதியாளர்கள் கவனத்துக்கு

திருப்பூரில் நானும் என் தம்பியும் சேர்ந்து 11 ஆண்டுகளாகப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறோம். துணி இங்கேயே கிடைத்துவிடும்; ஜிப், லேபிள் போன்றவற்றையும் அவ்வப்போது இயந்திரங்களையும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறோம். சுங்கத்துறையின் நம்பகமான வணிகர் சான்றிதழுக்காக (ஏ.இ.ஓ.) ஓர் ஆலோசகரை நம்பி 3,30,000 ரூபாயையும் ஏழு மாதங்களையும் இழந்ததோடு, எங்கள் பெயரில் பொய்யான விவரங்கள் அரசுக் கோப்புக்குள் போகவும் நாங்களே இடம் கொடுத்துவிட்டோம். பணம் போனதைவிட இந்தக் கடைசி விஷயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இதே ஊரில் மற்றவர்களையும் அந்த நபர் அணுகி வருவதாக அறிந்த பிறகு எழுதாமல் இருப்பது தவறு என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

ஏ.இ.ஓ. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் ‘ஆத்தரைஸ்டு எக்கனாமிக் ஆபரேட்டர்’ திட்டம், உலக சுங்க அமைப்பு 2005-இல் ஏற்ற பாதுகாப்புக் கட்டமைப்பின் வழியில் நம் நாட்டுக்கு வந்தது. 2016 ஜூலையில் வெளியான 33-ஆம் எண் சுற்றறிக்கைதான் இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. ஏற்றுமதி, இறக்குமதி செய்பவர்களுக்கு டி1, டி2, டி3 என மூன்று நிலைகள் உண்டு. டி1-க்கு ஆவணங்களைப் பார்த்து முடிவு செய்வார்கள்; டி2-க்கு அதிகாரிகள் தொழிற்சாலைக்கே வந்து பார்ப்பார்கள். இறக்குமதிக்குக் கொடுக்க வேண்டிய வங்கி உத்தரவாதம் குறைகிறது. சிறு, குறு, நடுத்தர நிறுவனமாக இருந்தால் வழக்கமான உத்தரவாதத் தொகையில் டி1-க்கு 25 சதவீதம், டி2-க்கு 10 சதவீதம் கொடுத்தால் போதும். டி2, டி3 நிலைகளில், இறக்குமதி வரியைச் சரக்கு வெளியேறும்போதே கட்டாமல் பின்னர் சேர்த்துக் கட்டலாம். முதலீட்டில் பாதி எப்போதும் எங்கோ முடங்கிக் கிடக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மூச்சு என்பதைத் தொழில் செய்பவர்கள் அறிவார்கள். இதற்கு மேல், எங்கள் அமெரிக்க வாடிக்கையாளர் சரக்குப் பாதுகாப்பு குறித்து நீண்ட கேள்வித்தாள் ஒன்றை அனுப்பி, இந்தியச் சுங்கத்துறையின் அங்கீகாரம் உண்டா என்றும் கேட்டிருந்தார். இந்தியாவும் அமெரிக்காவும் தங்கள் திட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தத்தில் 2021 செப்டம்பரில் கையெழுத்திட்டிருப்பதால் கேள்வி நியாயமானதுதான்.

அந்த நேரத்தில்தான், நாங்கள் மதிக்கும் ஒரு துணி பிராசசிங் ஆலை உரிமையாளரின் அறிமுகத்தோடு அந்த ஆலோசகர் வந்தார். நல்ல பேச்சு, கையில் தடிமனான கோப்பு, உள்ளே பல நிறுவனங்களின் சான்றிதழ் நகல்கள். “டி1 எல்லாம் எதற்கு, நேராக டி2-வே மூன்று மாதத்தில் எடுத்துத் தருகிறேன்” என்றார். தன் கட்டணம் 1,50,000 ரூபாய், அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் 1,20,000 ரூபாய் என்று கணக்குச் சொன்னார். ஏ.இ.ஓ. விண்ணப்பத்துக்கு அரசு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்குவதில்லை. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அவரை அன்றே வாசலோடு அனுப்பியிருப்போம்.

மீதி 60,000 ரூபாயை அவர் வாங்கிய விதம் எனக்கு இன்னும் வலிக்கிறது. முந்தைய நிதியாண்டில் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிப் படிவம்), பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிப் படிவம்) எல்லாம் சேர்த்து எங்களிடம் 19 ஆவணங்கள்தான் இருந்தன. ஆண்டுக்கு 25 ஆவணங்கள் இருக்க வேண்டும் என்பது விதி, உங்களுக்கு 6 குறைகிறது, உள்ளே பேசித்தான் சரிசெய்ய வேண்டும் என்றார். 25 என்ற விதி உண்மைதான். ஆனால் 2020 டிசம்பரில் வந்த 54-ஆம் எண் சுற்றறிக்கை, சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அதை 10 ஆகக் குறைத்து, ஒவ்வொரு அரையாண்டிலும் குறைந்தது 5 இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டது. எங்களுக்கு முதல் அரையாண்டில் 11, இரண்டாவதில் 8. அதாவது முழுத் தகுதியோடு இருந்த நாங்கள், தகுதியில்லை என்று நம்பி, இல்லாத குறையைச் சரிசெய்யப் பணம் கொடுத்தோம். யாருக்கோ கொடுப்பதற்காக என்று தெரிந்தே கொடுத்ததும் எங்கள் தவறுதான். அதை மறைத்து இந்தப் பதிவை எழுத எனக்கு மனமில்லை.

பணம் முழுவதும் அவருடைய தனிப்பட்ட வங்கிக் கணக்குக்குப் போனது. ஜி.எஸ்.டி. பில் கேட்டபோது, சான்றிதழ் வந்ததும் மொத்தமாகத் தருகிறேன் என்றார். இவற்றைவிடப் பெரிய கேடு, இணையத்தில் விண்ணப்பக் கணக்கைத் தொடங்கியபோது எங்கள் மின்னஞ்சலுக்கும் கைபேசி எண்ணுக்கும் பதிலாகத் தன்னுடையவற்றைப் பதிவு செய்துகொண்டதுதான். ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்டு உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்றார். அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டோம். அதன் பிறகு சுங்கத்துறை கேட்ட எந்தக் கேள்வியும் எங்கள் கண்ணுக்கு வரவே இல்லை.

ஐந்து மாதங்கள் கழித்து, அசோகச் சின்னம் போட்ட ஒரு கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டி2 நிலைக்குத் தற்காலிக ஒப்புதல் வழங்கப்பட்டிருக்கிறது, அசல் சான்றிதழ் டெல்லியிலிருந்து வரும் என்று அதில் இருந்தது. நாங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தோம். கணக்குப் பார்க்கும் பெண் மட்டும் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “ஏனுங்ணா, யாருமே வந்து ஃபேக்டரியப் பாக்கலையே, எப்படிங்க குடுத்தாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. சுங்கத்துறையின் கடிதங்களுக்கு 2019 நவம்பர் முதல் டின் எனப்படும் ஆவண அடையாள எண் முறை நடைமுறையில் இருக்கிறது. அந்த எண்ணை மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். இ-ஆபீஸ் என்ற அரசின் மின்கோப்பு முறை வழியாக வரும் கடிதங்களின் வெளியீட்டு எண்ணையும் அதேபோல் சரிபார்க்க முடியும். எங்கள் கையில் இருந்த கடிதத்தில் இரண்டுமே இல்லை. நல்லவேளையாக, அமெரிக்க வாடிக்கையாளருக்கு அதை அனுப்புவதற்கு முன்பே இது எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாளே சுங்கத்துறையின் ஏ.இ.ஓ. பிரிவுக்கு நேரில் சென்றோம். எங்கள் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை வைத்துத் தேடிய அதிகாரி, கடிதம் போலி என்று உறுதிசெய்தார். தற்காலிக ஒப்புதல் என்று ஒன்று இத்திட்டத்தில் கிடையாதாம். டி2-க்கு விண்ணப்பம் வந்தது உண்மைதான். ஆனால் குறைகளைச் சுட்டிக்காட்டி அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வராததால் அது திருப்பி அனுப்பப்பட்டு இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

அந்த விண்ணப்பத்தோடு கொடுக்கப்பட்டிருந்த பாதுகாப்புத் திட்டத்தை அங்கேதான் முதன்முதலாகப் படித்தேன். 62 பக்கங்கள். எங்கள் தொழிற்சாலைக்கு இருப்பது ஒரே வாசல். வேப்பமரத்தடியில் வாட்ச்மேன் அறை, 12 கேமராக்கள், பின்பக்கம் பக்கத்துத் தோட்டத்தின் கம்பிவேலி. அந்தத் திட்டத்திலோ மூன்றாம் எண் வாசல், அதற்கு எதிரே ரயில் தண்டவாளம், 64 கேமராக்கள், ரசாயனத் தொட்டிகளுக்குத் தனிக் காவல் என்று எழுதியிருந்தது. ஏதோ ஒரு ரசாயன ஆலையின் திட்டத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, என் கையெழுத்தோடு கொடுத்திருக்கிறார். வெற்றுத்தாள் போன்ற கடைசிப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

இன்னொன்றும் இருந்தது. துணிக்கலவை வகைப்பாடு தொடர்பாக டிராபேக் (ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கும் வரி) விஷயத்தில் எங்களுக்கு ஒரு ஷோகாஸ் நோட்டீஸ் வந்து, விசாரணை நிலுவையில் இருக்கிறது. விண்ணப்பத்தில் நோட்டீஸ் எதுவும் இல்லை என்று குறிக்கப்பட்டிருந்தது. மோசடி, போலி ஆவணம், கடத்தல் போன்றவை தொடர்பான நோட்டீஸ்கள்தான் தகுதியைப் பறிக்கும். எங்களுடையது போன்ற வகைப்பாட்டுத் தகராறு தானாகவே தடையாகிவிடாது. அதைச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது; மறைத்ததால் பொய் சொன்னவர்களாக நின்றோம். தெரிந்தே பொய்யான ஆவணம் கொடுத்தால், சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்கச் சுங்கச் சட்டத்தின் 114ஏஏ பிரிவு இடம் தருகிறது. நடந்ததை முழுவதும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். அதிகாரி அதைப் பெற்றுக்கொண்டு, புதிதாக விண்ணப்பியுங்கள், ஆனால் நீங்களே எழுதுங்கள் என்றார்.

நாங்களே எழுதினோம். முதலில் டி1. மின்னஞ்சல் எங்களுடையது, கைபேசி எண் என் தம்பியுடையது, நோட்டீஸ் விவரம் உள்ளது உள்ளபடி. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களின் முழுமையான டி1 விண்ணப்பத்தை 15 வேலைநாட்களில் முடிக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு 13-ஆம் வேலைநாளில் சான்றிதழ் வந்தது. ஏழு மாதம் காத்திருந்த எங்களுக்கு அது நம்பமுடியாததாக இருந்தது.

டி2-க்கான வேலைதான் உண்மையில் பெரியது. ஆனால் காசு கொடுத்து வெளியில் வாங்கக்கூடிய பொருள் அதில் எதுவுமில்லை என்பதைச் செய்யும்போதுதான் உணர்ந்தேன். உதாரணமாக, காலிக் கன்டெய்னர் வந்து நின்றதும் முன்சுவர், இடம், வலம், தரை, கூரை, கதவுகளின் உள்ளும் புறமும், அடிப்பாகம் என ஏழு இடங்களைப் பார்க்க வேண்டும். எங்கள் லோடிங் மேற்பார்வையாளர் இப்போது உள்ளே ஏறி, ரப்பர் சுத்தியலால் முன்சுவரைத் தட்டி ஓசை கேட்கிறார். பிறகு டேப் பிடித்து அளக்கிறார். நாற்பதடிப் பெட்டகத்தின் உள்நீளம் சுமார் 12 மீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் பொய்ச்சுவர் இருக்கிறது என்று பொருள். சரக்கு ஏறியதும் சீலைப் பார்த்து, எண்ணை ஒப்பிட்டு, இழுத்து, திருகிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். இதை எந்த ஆலோசகரும் 62 பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட முடியாது. எங்கள் ஆட்கள் தினமும் செய்தால்தான் வருகிற அதிகாரி பார்க்க முடியும்.

நேர்மையாக வழிகாட்டும் ஆலோசகர்களும் கஸ்டம்ஸ் புரோக்கர்களும் (சுங்க வேலைகளைச் செய்துதரும் உரிமம் பெற்ற முகவர்கள்) நிச்சயம் இருக்கிறார்கள். இப்போது எங்கள் பதிவேடுகளைச் சரிபார்த்துத் தருபவரும் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர்தான், முறையான பில்லோடு. ஆனால் ஆலோசகர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஏற்கெனவே யாரிடமாவது வேலையை ஒப்படைத்திருப்பவர்கள், தயவுசெய்து இன்றே உங்கள் ஏ.இ.ஓ. கணக்கில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் விண்ணப்பத்தோடு போயிருக்கும் ஒவ்வொரு ஆவணத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால் ஏ.இ.ஓ. பிரிவுக்கு நேரில் செல்லுங்கள். அங்கே எங்களை யாரும் விரட்டவில்லை.

அந்த நபர் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது பெற்றிருக்கிறோம். பணத்தில் 40,000 ரூபாய் மட்டும் திரும்ப வந்தது. அதன் பிறகு அவருடைய எண் அணைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு டி1 சான்றிதழை அனுப்பி, டி2 இன்னும் இல்லை என்பதையும் எழுதினோம். அடுத்த பருவ ஆர்டருக்கு முன் விவரம் தெரிவியுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. டி2 விண்ணப்பம் சென்ற திங்களன்று எங்கள் கையாலேயே பதிவாகியிருக்கிறது.