‘பெட்டைக்குஞ்சு உத்தரவாதம்’ என்றால் முதலில் தாய்க்கோழியைக் காட்டச் சொல்லுங்கள்

தலையில் வெள்ளைப் புள்ளி இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை என்று சொல்லி, புள்ளி இல்லாத கறுப்புக் குஞ்சுகளாகப் பொறுக்கிக் கொடுத்தார் விற்றவர். 8 வாரம் ஆனதும் பார்த்தால் பாதி சேவல். கேட்டதற்கு, “ஒன்றிரண்டு தப்பத்தான் செய்யும்” என்று பதில். பாதி எப்படி ஒன்றிரண்டாகும்?

புள்ளி விதி பொய்யில்லை. பார்டு பிளைமவுத் ராக் மாதிரி வரிபோட்ட பெட்டையோடு ரோட் ஐலண்டு ரெட் மாதிரி வரியில்லாத சேவலைச் சேர்த்தால் அது நன்றாகவே பலிக்கும். குஞ்சின் தலைப் புள்ளி இந்த வரியின் அடையாளம்தான்; வரிக்கான மரபணு, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு இசட் ஒன்றுதான், அதுவும் ஆண் குஞ்சுக்கே போகும். அதனால் ஆணுக்குப் புள்ளி, பெண்ணுக்கு இல்லை.

இந்தக் கணக்கு அந்த ஒரு தலைமுறையோடு சரி. பிறந்த கலப்புக் குஞ்சுகளையே வளர்த்து மறுபடி இணைசேர்த்தால் ஆணிலும் பாதிக்குப் புள்ளி வரும், பெண்ணிலும் பாதிக்கு வரும். புள்ளி இல்லாததாகப் பார்த்து எடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் ஒன்றுதான். எங்களுக்கு வந்தது இந்த இரண்டாம் தலைமுறைதான். இதைக் கண்டுபிடிக்க நேரே போய்த் தாய்ப்பட்டியை, அதாவது குஞ்சுகளின் தாய், தந்தைக் கோழிகளைப் பாருங்கள்: பெட்டைகள் வரியாகவும் சேவல் வரியில்லாமலும் இருக்க வேண்டும். சேவல் வரி, பெட்டைகள் கறுப்பு என்று தலைகீழாக நின்றால் புள்ளியை நம்பி வாங்காதீர்கள். சிவந்த குஞ்சு பெட்டை, வெளிர் குஞ்சு சேவல் என்கிற கலப்புக்கும் இதே முதல் தலைமுறை நிபந்தனை உண்டு. இறகு நீளம் பார்ப்பதும் அதற்கென்றே இணைசேர்த்த வகைகளில், பொரித்த ஓரிரு நாளுக்குள் மட்டுமே செல்லும். முட்டையின் வடிவம், நூலில் ஊசி கட்டி ஆட்டுவது எல்லாம் வெறும் கதை.

இன்னொரு தந்திரம் மாற்றித் தரும் கெடு. 2 வாரம் என்று எழுதிக் கொடுப்பார்கள். கொண்டை வித்தியாசமோ பெரும்பாலும் 5, 6 வாரத்துக்கு மேல்தான் தெரியும்: சேவலுக்குச் சிவந்து தடிக்கும், பெட்டைக்கு வெளிறிச் சின்னதாக இருக்கும். ஒரே இனம், ஒரே நாள் பொரித்த குஞ்சுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் இதற்கு அர்த்தம். இன்னும் உறுதி வேண்டுமானால் 12 வாரத்தை ஒட்டி, வாலுக்கு முன்னால் இடுப்பில் வரும் இறகைப் பாருங்கள். கூர்மையாக, நீண்டு, பளபளப்பாக இருந்தால் சேவல்; நுனி வட்டமாக இருந்தால் பெட்டை. செப்ரைட் இனத்தில் இது ஏமாற்றும், அதன் சேவலுக்கும் இறகு பெட்டை மாதிரியே. சில்கி இனத்தை 4, 5 மாதத்துக்கு முன்னால் பிரித்துச் சொல்கிறேன் என்பவரிடம் எச்சரிக்கை.

கூடவே நீல முட்டையிடும் ‘அமரௌகானா’ இனம் என்று தள்ளிவிட்டதும் அந்த இனம் இல்லை. கன்னத்தில் தாடி இறகு இருந்ததைத்தான் அடையாளமாகக் காட்டினார். அது கலப்புக் கோழிக்கும் வரும். கால் நிறத்தைப் பாருங்கள்: அமரௌகானாவுக்குச் சிலேட்டுச் சாம்பல், கறுப்பு வகைக்கு இன்னும் கருமை. மஞ்சளோ பச்சையோ இருந்தால் கலப்பு. கொண்டையும் ஒற்றை ரம்பமாக நிற்காது, தாழ்வாக மூன்று வரிசையாகப் படிந்திருக்கும். “நீல முட்டை போடும்போது தெரியும்” என்பார்கள். முட்டைக்கு ஏறக்குறைய 6 மாதம் ஆகும். நீல முட்டையே வந்தாலும் இனம் உறுதியாகாது, கலப்பும் அதைப் போடும்.

ரசீதில் தாய் இனம், தந்தை இனம், பொரித்த தேதி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மாற்றித் தரும் கெடு 8 வாரமாவது இருக்கட்டும். மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.